லயம் என்ற ஃபோல்டர்

"இல்லங்க மிஸ், எனக்கு ஒரு செவப்புக் கோடுகூடக் காட்டல."

"அனே மேர்சி, இங்க இருநூத்திப் பதினாலு ஈக்குது. எண்ணித்தான் செல்றேன். இருநூத்திப் பதினாலு."

"காலையில இருந்து மூணு தரம் பாத்துட்டேன் மிஸ். ஃபைல் பூரா சுத்தமா இருக்கு."

"எடிட்டர நம்பாம கையால ஓட்டிப் பாத்தீங்களா?"

"அதுவும் பாத்தேன். ஒண்ணும் இல்லன்னுதான் வருது."

போனின் மறுமுனையில் நுஸ்கா மிஸ் தேநீர் உறிஞ்சும் சத்தம் கேட்டது. அவர் மாவனெல்லையில் தன் வீட்டில் இருந்து வேலை செய்கிறார். எங்கள் குழுவுக்குத் தலைவி. மூன்று மாதமாக அவருடைய குரலும் தேநீர்ச் சத்தமும் மட்டுமே எனக்குத் தெரியும். நான் இருந்தது எஹலியகொடைக்கு மேலே, எங்கள் ரப்பர் தோட்டத்தில், வேலைக்குப் போகும் தாய்மார் பிள்ளைகளை விட்டுப்போன, இப்போது பிள்ளைகள் குறைந்து மூடிப்போன பிள்ளை மடுவத்தில். நாங்கள் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குள் சிக்னல் வராது. மேட்டில் இருக்கும் இந்த மடுவத்தில் ஜன்னலோரமாக உட்கார்ந்தால் வரும்.

"நாலு மணிக்கு கம்பனி சேரோட மீட்டிங்," என்றார் நுஸ்கா மிஸ். "ஒங்கட மூணு மாசம் இண்டைக்கு முடியுது. பச்சை விழாம நான் என்னத்தச் செல்லி ஒங்கள வச்சிக்கிற? போன கெழமையும் ஒங்களுக்காக நான்தான் வாய் குடுத்தேன்."

"தெரியும் மிஸ்."

"தெரிஞ்சா பச்சை விழ வைங்க."

போனை வைத்துவிட்டார்.

நாங்கள் செய்வது கர்ப்பிணித் தாய்மாரைப் பதிவு செய்யும் ஒரு கிளினிக் மென்பொருள். என் பங்கு அதன் பதிவுப் படிவம். எழுதி முடித்து அனுப்பினால் சேர்வர் தானாகவே அதைச் சோதிக்கும். பிழை இருந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. சோதிக்கிற நிரலுக்கு லின்டர் என்று பெயர். அதே லின்டர் என் எடிட்டருக்குள்ளும் ஒரு பிளகினாக உட்கார்ந்திருக்கிறது. நான் விதி மீறி எழுதினால் அந்த இடத்துக்குக் கீழே சிவப்பில் நெளிகோடு போடும். விதிகள் எல்லாம் கொன்ஃபிக் என்ற ஒரு ஃபைலில் இருக்கின்றன. சேர்வர் வாசிப்பதும் அதைத்தான், என் பிளகின் வாசிக்க வேண்டியதும் அதைத்தான். ஒரே புத்தகத்தை வாசித்துவிட்டு ஒருவன் இருநூற்றுப் பதினான்கு குற்றம் சொல்கிறான், மற்றவன் வாயே திறக்கவில்லை.

எடிட்டரை மூடித் திறந்தேன். பிளகினைக் கழற்றி மாட்டினேன். லெப்டொப்பையே அணைத்துப் போட்டேன். ஒவ்வொரு முறையும் அதே வெள்ளைத் திரை, அதே சுத்தம். பிழை இல்லாமல் இருப்பதைப் பார்த்து அழுகை வரும் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

கொன்ஃபிக் ஃபைலை லின்டர் எப்படித் தேடும் என்பது எனக்குத் தெரியும். இரத்தினபுரியில் கோர்ஸ் படித்தபோது சொல்லித் தந்தார்கள். நீங்கள் எழுதும் ஃபைல் இருக்கிற ஃபோல்டரில் முதலில் பார்க்கும். அங்கே இல்லை என்றால் ஒரு படி மேலே. அங்கேயும் இல்லை என்றால் இன்னும் மேலே. வகுப்பில் மற்றவர்கள் முழித்தார்கள். எனக்கும், என்னோடு படித்த எங்கள் தோட்டத்து அனோஜாவுக்கும் உடனே விளங்கிவிட்டது. கூரை ஒழுகினால் நாங்கள் கங்காணியிடம் சொல்வோம். அவரால் முடியாவிட்டால் கணக்கப்பிள்ளை. அவருக்கும் மேலேதான் துரை. படி தாண்டி ஒருவரும் போவதில்லை. பக்கத்தில் இருப்பவரிடமே பதில் கிடைத்துவிட்டால் மேலே ஏறுகிற வேலையும் இல்லை.

என் படிவம் இருந்த ஃபோல்டருக்கு ஒரு படி மேலேயே கிளினிக் வேலைக்கான கொன்ஃபிக் இருந்தது. கங்காணி வாசற்படியில் நிற்பதுபோல அவ்வளவு பக்கம். அதைத் தாண்டி லின்டர் எங்கே போய்விடும்? அதனால் அந்தப் பக்கம் சந்தேகமே படவில்லை. பிழை சேர்வரில்தான் என்று மனதுக்குள் முடிவு கட்டிவிட்டேன்.

பதினொன்றரைக்கு அம்மா வந்தார். மழைக்கு ரப்பர் பால் வெட்டு இல்லாத நாள், அதனால் வீட்டில்தான் இருந்தார். கையில் ரொட்டியும் சம்பலும், நனையாமல் தலையில் உரச் சாக்கு.

"பாப்பா, சித்தி போன் பண்ணுச்சு. பழனியப்பன் மொதலாளி கேட்டாராம். திங்கக்கெழம வாறியா இல்லியான்னு."

எம்பிலிப்பிட்டியவில் பழனியப்பன் முதலாளியின் துணிக்கடை. சித்தி அங்கே பத்து வருடமாக இருக்கிறார். கடைக்குப் பின்னால் ஒரு அறையில் ஆறு பெண்கள் தங்குகிறார்கள். நான் ஒரு நாள் தங்கிப் பார்த்திருக்கிறேன். காலையிலிருந்து இரவு வரை துணியை விரிப்பதும் மடிப்பதும்தான். விரிக்கிறவளுக்கும் மடிக்கிறவளுக்கும் இடையில் ஒரு வார்த்தையும் யோசிக்க நேரம் கிடையாது. மூன்று மாதத்தில் இந்த வேலை நிலைக்காவிட்டால் அங்கே போகிறேன் என்று நான்தான் வாக்குக் கொடுத்திருந்தேன்.

"சாயங்காலம் சொல்றேம்மா."

"சாயங்காலம்னா எப்போ? அது கடையில நின்னுக்கிட்டுப் பேசுது. மொதலாளி வேற ஆளப் போட்டுருவாரு."

"நாலு மணிக்கு மேல."

அம்மா திரையை எட்டிப் பார்த்தார். "செவப்புக் கோடு வந்தா கெட்டதுன்னியே. ஒண்ணையும் காணோமே. அப்ப நல்லதுதானே?"

"இல்லம்மா, வரணும். வரமாட்டேங்குது."

"நீ இருந்திருந்து பிழை வேணும்னு அழுவுற ஆளா ஆயிட்ட," என்று சொல்லி ரொட்டிப் பொட்டலத்தை லெப்டொப்பின் மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

அந்த ரொட்டியை எடுத்துத் தள்ளி வைத்த கையோடுதான் அந்தக் காரியத்தைச் செய்தேன். குழுவின் வட்ஸ்அப்பில், ஏழு பேரும் பார்க்க, எழுதினேன்: "சேர்வரில் உள்ள விதிகள் பிழை. என் பக்கத்தில் எல்லாம் சரியாக இருக்கிறது. தயவுசெய்து சேர்வரைச் சரிபார்க்கவும்." எழுதியபோது நியாயமாகத்தான் இருந்தது. யாரோ ஒருவர் சிரிக்கிற முகம் போட்டார். பத்து நிமிடம் கழித்து நுஸ்கா மிஸ்ஸிடமிருந்து எனக்கு மட்டும் ஒரு செய்தி வந்தது. "சேர்வர் பிழைன்னு எல்லாருக்கும் முன்னால செல்லிட்டீங்க. இனி நான் பாக்க ஒண்ணும் இல்ல. ஒங்கட படிவ வேலைய சேர்வர்ல மூடிட்டேன். சேர் முடிவெடுக்கட்டும்."

அவருக்குத் திரும்ப அழைப்பு எடுத்தேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. அவர் எடுக்கவில்லை.

அதற்குப் பிறகு நான் செய்தது புத்தியால் செய்ததில்லை. கோபத்தில் கிளினிக் கொன்ஃபிக்கைத் திறந்தேன். விதிகளுக்கு நடுவில், எங்கேயென்றும் பார்க்காமல், மேர்சி மேர்சி மேர்சி என்று அடித்தேன். மேசையில் பேனாவால் குத்துவதுபோலத்தான். சேமித்தேன். விதிப் புத்தகத்தின் நடுப்பக்கத்தை இப்படிக் கிழித்துப் போட்டால் பிளகின் அலற வேண்டும். வாசிக்க முடியவில்லை என்று மூலையில் செய்தி வர வேண்டும்.

ஒன்றும் வரவில்லை. படிவத்துக்குப் போனேன். அதே வெள்ளை, அதே சுத்தம்.

வெளியூர் ரயில் நிலையம் ஒன்றில் தவறான மேடையில் நின்றுகொண்டு, ரயில் வரவில்லை என்று நிலைய அதிபரோடு சண்டை போட்ட பயணியின் முகம் எப்படி இருக்குமோ, என் முகமும் அப்படித்தான் இருந்திருக்கும். பிளகின் அந்த ஃபைலை வாசிக்கவே இல்லை. காலையிலிருந்து ஒரு தரம்கூட வாசிக்கவில்லை.

அப்படியானால் எதை வாசிக்கிறது?

பிளகின் தான் செய்வதை எல்லாம் ஒரு ஓரத்தில் குறித்து வைத்துக்கொள்ளும். அதைத் திறந்து பார்க்க எனக்கு இதுவரை தோன்றியதே இல்லை. திறந்தேன். தேடத் தொடங்கிய இடம் என்று முதல் வரியில் இருந்தது என் படிவத்தின் ஃபோல்டர் இல்லை. லயம் என்று இருந்தது.

லயம் என்பது இந்த லெப்டொப்பில் எல்லாவற்றுக்கும் மேலே இருக்கிற ஃபோல்டர். லெப்டொப் எனக்கும் அனோஜாவுக்கும் பொது. கோர்ஸ் முடித்தபோது பங்குச் சாமியார் இரண்டு பேருக்குமாக ஒன்று வாங்கித் தந்தார். இரண்டு மணி வரை எனக்கு, அதற்குப் பிறகு, ஒன்லைனில் மேலே படிக்கிற அவளுக்கு. நாங்கள் லயம் என்று ஒரு ஃபோல்டர் போட்டு, அதற்குள், லயத்து வீட்டு அறைகளைப்போல, ஆளுக்கொரு காம்பரா என்று உள் ஃபோல்டர் வைத்துக்கொண்டோம். எடிட்டரை எப்போதும் லயத்திலிருந்துதான் திறப்போம். அவளுடையது எனக்கும் என்னுடையது அவளுக்கும் தெரியும். தனியாகத் திறப்பது கதவைச் சாத்திக்கொள்வதுபோல இருக்கும் என்று இருவருமே செய்ததில்லை.

திரையின் இடது பக்கப் பட்டியலை மேலே தள்ளினேன். லயத்தின் தலைமாட்டில், எங்கள் காம்பராக்களுக்கு வெளியே, ஒரு கொன்ஃபிக் ஃபைல் இருந்தது. மூன்று வாரமாக அது என் கண்ணில் பட்டுக்கொண்டுதான் இருந்தது. எடிட்டருடைய ஏதோ ஒன்று என்று நினைத்திருந்தேன். திறந்தேன். நாலே வரி. எல்லா விதிகளையும் நிறுத்தி வைத்திருந்தது. மேலே ஒரு குறிப்பு: "இது பொதுவானது. யாரும் அழிக்க வேண்டாம்."

இரண்டு மணிக்குக் குடையை உதறிக்கொண்டு அனோஜா வந்தாள்.

"என்னடி, நீ மொறைக்கிற மொறைப்புல லெப்டொப்பே எந்திரிச்சு ஓடிரும் போல?"

"இத நீதான் போட்டியா?"

எட்டிப் பார்த்தாள். "ஆமா. ஏன், நல்லாத்தானே இருக்கு?"

"எதுக்குடி போட்ட?"

"லின்டர புதுசா மாத்துனதுல இருந்து கொன்ஃபிக் இல்ல, கொன்ஃபிக் இல்லன்னு கத்திக்கிட்டே இருந்துச்சு. எம் பாடத்த எழுதவே விடல. அதான் தலைமாட்டுல ஒண்ணப் போட்டு எல்லாத்தயும் நிப்பாட்டி விட்டேன்."

"தலைமாட்டுல போட்டா எனக்கும் சேர்த்துல்ல நின்னுருச்சு!"

"ரெண்டு பேருக்கும் ஆகட்டும்னுதானே போட்டேன்? தண்ணிப் பைப்பு எங்க இருக்கு, லயத்துத் தலைமாட்டுலதானே? காம்பராவுக்கு ஒண்ணா வச்சிருக்காங்க?"

அவள் கேலியாகச் சொல்லவில்லை. எனக்கு நல்லது செய்ததாகவே மூன்று வாரமாக நினைத்துக்கொண்டிருந்தாள். நான் என்ன ஆயிற்று என்று சொன்னேன். இருநூற்றுப் பதினான்கைச் சொன்னேன், வட்ஸ்அப்பில் எழுதியதைச் சொன்னேன், நுஸ்கா மிஸ் மூடிவிட்டதைச் சொன்னேன். சொல்லச் சொல்ல அவள் குடையை மடிக்காமல் நின்றாள்.

"ஆனா ஒனக்குத்தான் ஒங் காம்பராவுக்குள்ள ஒண்ணு இருக்கே," என்றாள். "பக்கத்துல இருக்குறதத்தானே மொதல்ல பாக்கும்? கோர்ஸ்ல அப்பிடித்தானே சொன்னாங்க?"

"அதத்தான் நானும் நெனச்சேன்."

நுஸ்கா மிஸ் மூன்று வாரத்துக்கு முன் அனுப்பிய நீண்ட அறிவிப்பைத் தேடி எடுத்தேன். லின்டரின் புதிய பதிப்புக்கு மாறுகிறோம் என்ற அறிவிப்பு. கொன்ஃபிக் ஃபைலின் பெயர் மாறும் என்ற முதல் பாதியை அன்று வாசித்திருந்தேன். மிச்சத்தை இப்போது வாசித்தேன். இந்தப் பதிப்பில், எழுதுகிற ஃபைல் இருக்கும் இடத்திலிருந்து தேடாது. லின்டர் எந்த இடத்திலிருந்து ஓடுகிறதோ அங்கிருந்து தேடும். எடிட்டரில் அது நீங்கள் திறந்திருக்கும் ஃபோல்டர். ஆகவே வேலைக்கான ஃபோல்டரை மட்டும் தனியாகத் திறக்கவும். உள்ளே அடுக்கில் இருக்கும் கொன்ஃபிக்குகளை அது இறங்கி வந்து பார்க்காது.

லின்டரைக் கையால் ஓட்டினேன் என்று மிஸ்ஸிடம் அடித்துச் சொன்னேனே, அதையும் லயம் ஃபோல்டரில் நின்றுகொண்டுதான் ஓட்டியிருக்கிறேன்.

"சரி, இப்ப அழிச்சிருவோமா?" என்றாள் அனோஜா.

"அழிச்சா ஒனக்குக் கத்தும். வேணாம்."

லயத்தை மூடினேன். கிளினிக் கொன்ஃபிக்கில் அடித்து வைத்த என் பெயரைத் துடைத்தேன். என் காம்பராவுக்குள்ளே போய், கிளினிக் வேலையை மட்டும் தனியாகத் திறந்தேன். இரண்டு நொடி ஒன்றுமில்லை. பிறகு படிவம் மேலிருந்து கீழ்வரை சிவந்தது. கீழே எண்ணிக்கை நின்ற இடம், இருநூற்றுப் பதினான்கு.

"யம்மாடி," என்றாள் அனோஜா. "அம்மை போட்ட மாதிரி இருக்கு."

சிரிக்க முடியவில்லை. மணி இரண்டு இருபது. லெப்டொப் அப்போது அவளுடையது. நான்கு மணிக்கு அவளுக்கு வகுப்பு, அதற்கு முன் பாடத்தை அனுப்ப வேண்டும். நான் கேட்கவில்லை. அவளே பெஞ்சை இழுத்துப் போட்டுக்கொண்டு, "மூணே முக்காலுக்கு எங் கையில இருக்கணும். இல்லன்னா மனுசியா இருக்க மாட்டேன்," என்றாள்.

நூற்று எண்பத்தேழு பிழைகள் ஒரு விசையை அழுத்தியதும் தாமாகச் சரியாயின. இருபத்தேழு கையால் செய்ய வேண்டியவை. அனோஜா எண்ணிக்கையைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே வந்தாள், கோயிலில் ஜெபமாலை சொல்கிறவர்களைப்போல. பத்தொன்பதாவதில் கை நின்றது. தகவலைப் பிடித்து வைக்கும் ஒரு மாறியை வைத்துவிட்டு எங்கேயும் பயன்படுத்தவில்லை என்று கோடு போட்டிருந்தது. தாயின் தொலைபேசி எண். படிவத்தில் கேட்டு வாங்குகிறேன், ஆனால் எங்கும் சேமிக்கவில்லை. கிளினிக்கில் ஒரு பெண் தன் எண்ணைச் சொல்வாள், மிட்வைஃப் தட்டுவார், பிறகு அது காற்றோடு போயிருக்கும். இந்தப் படிவத்தைத்தான் மூன்று தரம் பார்த்துச் சரி என்றேன். சேர்வர் பிழை என்று எழுதினேன்.

"வாயப் பொளக்காத, செய்," என்றாள் அனோஜா.

மூன்று முப்பத்தைந்துக்குக் கடைசிக் கோடு மறைந்தது. இந்தச் சுத்தத்தை நம்ப எனக்குத் தைரியம் வரவில்லை. கொன்ஃபிக்கில் வேண்டுமென்றே ஒரு எழுத்தைக் கெடுத்துப் பார்த்தேன். பிளகின் உடனே கத்தியது. அந்தக் கத்தல் எவ்வளவு இனிமையாக இருந்தது! சரி செய்து, போனை ஜன்னல் கம்பியில் வைத்து, அனுப்பினேன். மழைக்குச் சிக்னல் ஒரு கோடாகி, இரண்டாகி, மறுபடி ஒன்றாகி, எப்படியோ போய்ச் சேர்ந்தது.

பச்சை விழவில்லை. சிவப்பும் விழவில்லை. சாம்பல் நிறத்தில் ஒரு வரி வந்தது. இந்த வேலை மூடப்பட்டுள்ளது, சோதிக்கப்படாது. மூடியதைத் திறக்கக் குழுத் தலைவியால் மட்டும்தான் முடியும். புதிதாக ஒன்றைத் தொடங்க என்னைப்போன்ற தற்காலிக ஆளுக்கு அனுமதி இல்லை. சரியான வேலை அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, அதைப் பார்க்க ஆளில்லை.

நுஸ்கா மிஸ்ஸுக்கு எடுத்தேன். அடித்து ஓய்ந்தது. மறுபடி எடுத்தேன். வேறு அழைப்பில் இருக்கிறார் என்றது. மணி மூன்று நாற்பத்தாறு. குழுவில் நான் எழுதிய வரி ஏழு பேர் பார்த்ததாக நின்றது, அதன் கீழே அந்தச் சிரிக்கிற முகம்.

"வொய்ஸ் போடு," என்றாள் அனோஜா. "எம் பேரச் சொல்லு. கூட இருக்குற ஒருத்தி குப்பையப் போட்டுட்டா, அதான் இப்பிடி ஆச்சுன்னு சொல்லிரு. எனக்கென்ன, அவுங்க என்னப் பாக்கவா போறாங்க?"

பதிவை அழுத்தினேன். "மிஸ், அனோஜான்னு ஒரு ஃபிரெண்ட்..." என்று தொடங்கி நிறுத்தினேன். அறிவிப்பைப் பாதியில் விட்டவள் அவள் இல்லை. அழித்தேன்.

லெப்டொப்பை அவள் பக்கம் தள்ளிவிட்டு, போனோடு வாசலுக்கு வந்து, மழைச் சத்தம் உள்ளே போகாமல் கையால் மூடிக்கொண்டு, மறுபடி அழுத்தினேன்.

"நுஸ்கா மிஸ், நா மேர்சி பேசுறேன். சேர்வர்ல ஒரு பிழையும் இல்லங்க. பிழை எங்கிட்டத்தான். நா எடிட்டர மேல இருக்குற ஃபோல்டர்ல இருந்து தொறந்து வச்சிருந்தேன், அதனால நம்ம கொன்ஃபிக்க அது பாக்கவே இல்ல. நீங்க அனுப்புன அறிவிப்ப நா முழுசா வாசிக்கல. குரூப்லயும் இத எழுதிர்றேன், எல்லாரும் பாக்கட்டும். இருநூத்திப் பதினாலையும் சரி பண்ணி அனுப்பிட்டேன் மிஸ், அங்கதான் இருக்கு, ஆனா மூடி இருக்குறதால சோதிக்க மாட்டேங்குது. மீட்டிங்குக்குப் போறதுக்கு முந்தி, ஒரு நிமிசந்தான், அத ஒரு தரம் தொறந்து விடுறீங்களா மிஸ்?"